குளக்கட்டில் நிற்கும் கருவிக்குள் அளவுத்திருத்த எண்களை அழியாமல் வைத்திருப்பது எப்படி

கிளிநொச்சி கரடிப்போக்கில் எனக்கு ஒரு சின்ன வேலைக்கூடம் இருக்கிறது. குளத்து நீர்மட்டம் பார்க்கும் கருவிகளை அங்கே செய்கிறேன். ஒரு ஈஎஸ்பி32 (சின்னக் கணினிச் சிப்), அழுத்தச் சென்சர், சிம் போடும் மொடெம், சோலார் தகடு, பற்றரி, இவ்வளவுதான் பெட்டிக்குள். அறிவியல் நகர் வளாகத்திலிருந்து வேலை பழக வரும் தம்பி தங்கச்சிமாருக்கு மொடெமும் சேர்வரும்தான் பெரிய விசயமாகத் தெரியும். நான் முதலில் உட்கார வைத்துக் கதைப்பது வேறொன்றைப் பற்றி. மேசையில் அளந்து எடுத்த அளவுத்திருத்த (கலிபரேஷன்) எண்களைக் கருவியின் எந்த மூலையில் எழுதுகிறோம், அதை யாரெல்லாம் அழிக்க முடியும் என்பதுதான் அது. அதையே இங்கே எழுதுகிறேன். தண்ணீர் மானி செய்தாலும், யானை வேலிக்கு மின்னழுத்தம் பார்க்கும் பெட்டி செய்தாலும் இது பொருந்தும்.

முதலில், அந்த எண்கள் ஏன் வேண்டும் என்று பாருங்கள். 5 மீற்றர் வரை அளக்கும் சென்சர் 4 முதல் 20 மில்லியம்பியர் வரை மின்னோட்டம் தரும். அதை 120 ஓம் தடைக்குள்ளால் விட்டால் 480 முதல் 2400 மில்லிவோல்ட் கிடைக்கும். ஈஎஸ்பி32க்குள் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏடிசி நம்பிக்கையாக அளப்பது ஏறத்தாழ 2450 வரைதான். அதனால்தான் 120 ஓம். கணக்குப்படி 1920 மில்லிவோல்ட் 5000 மில்லிமீற்றருக்குச் சமன், அதாவது ஒரு மில்லிவோல்ட்டுக்கு 2604 மைக்ரோமீற்றர். ஆனால் கடையில் வாங்கும் தடை ஒரு வீதம் கூடக் குறைய இருக்கும். சென்சருக்கும் தன் பங்குப் பிழை உண்டு. ஏடிசியின் அடிப்படை மின்னழுத்தம் 1100 மில்லிவோல்ட் என்று சொன்னாலும் சிப்புக்குச் சிப் அது 1000 முதல் 1200 வரை மாறும். ஒரு வீதப் பிழை 5 மீற்றரில் 50 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். அலைகரை அகன்ற குளத்தில் இரண்டு அங்குலம் என்பது எத்தனையோ ஏக்கர் வயலின் தண்ணீர்.

அதனால் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பிவிசி குழாயை நிறுத்தி, ஒரு மீற்றருக்குத் தண்ணீர் விட்டு ஒரு வாசிப்பு, மூன்று மீற்றருக்கு விட்டு இன்னொரு வாசிப்பு. அந்த இரண்டிலிருந்தும் சரிவும் (ஒரு மில்லிவோல்ட்டுக்கு எத்தனை மைக்ரோமீற்றர்) பூச்சியப் புள்ளியும் (தண்ணீர் இல்லாதபோது எத்தனை மில்லிவோல்ட்) வரும். இந்த இரண்டு எண்ணும் அந்த ஒரு கருவிக்கு மட்டுமே உரியவை. தொலைந்தால் நெற்றில் தேடி எடுக்க முடியாது. குளத்துக்குப் போய், கருவியைக் கழற்றி, திரும்ப மேசைக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். மாரியில் முத்தையன்கட்டுப் பக்கமோ வவுனிக்குளம் பக்கமோ மோட்டார் சைக்கிளில் போய் வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

சிப் செய்பவர்களே இதில் வழி காட்டியிருக்கிறார்கள். ஏடிசியின் அடிப்படை மின்னழுத்தத்தைத் தங்கள் தொழிற்சாலையில் அளந்து, அந்தச் சிப்புக்கே உரிய அடையாள எண்ணான மாக் முகவரியோடு சேர்த்து சிப்புக்குள் இருக்கும் இ-ஃபியூஸில் எரித்து விடுகிறார்கள். எரித்த ஃபியூஸைத் திரும்ப ஒட்ட முடியாது. எந்த மென்பொருளாலும் அதை அழிக்க ஏலாது. எங்கள் எண்களையும் முடிந்தவரை அந்த நிலைக்குக் கிட்டக் கொண்டுபோவதுதான் நோக்கம்.

யார் எழுதுகிறார்கள் என்று பார்த்துப் பிரியுங்கள்

கருவிக்குள் நிலைத்து நிற்க வேண்டிய தரவு மூன்று வகை. பலர் இதை ஒன்றாகவே பார்க்கிறார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

மேசையில் எழுதுவது முதல் வகை: தொடரிலக்கம், வன்பொருள் பதிப்பு, சரிவு, பூச்சியப் புள்ளி, சேர்வருக்கான இரகசியச் சாவி. இது ஒரே தடவை எழுதப்படும். பிறகு வாசிப்பு மட்டும்தான். குளத்தடியில் எழுதுவது இரண்டாவது: குளத்தின் பெயர், சென்சர் தொங்கும் உயரத்துக்கும் அளவுகோலின் பூச்சியத்துக்கும் உள்ள வித்தியாசம், வான் பாயும் மட்டம். பொருத்தும்போது எழுதுவோம், சென்சரை இடம் மாற்றினால் திரும்ப எழுதுவோம். மூன்றாவது, பாவிப்பவர் மாற்றுவது: எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கால் அனுப்புவது, யாருடைய தொலைபேசிக்கு எச்சரிக்கை போவது, சிம்மின் ஏபிஎன் (இணைய நுழைவுப் பெயர்).

விதைநெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் ஒரே மூட்டையில் கட்டுகிற கமக்காரர் ஒருவரும் இல்லை. ஆனால் வாங்கிப் பிரித்துப் பார்த்த கருவிகளில் பாதிக்கு மேல் மூன்று வகையும் ஒரே ஜேசன் கோப்பில் (அமைப்புகளை எழுத்தாக எழுதி வைக்கும் கோப்பு) தான் கிடக்கின்றன.

அந்த ஜேசன் கோப்பு எப்படி அழிகிறது என்று சொல்கிறேன். ஆர்டுயினோவில், ஃப்ளாஷ் நினைவகத்தில் கோப்புகளை வைத்திருக்கும் லிட்டில்எஃப்எஸ்ஸைத் தொடங்கும்போது அடைப்புக்குள் ‘ட்ரூ’ என்று போட்டால், மவுண்ட் ஆகாத, அதாவது திறக்க முடியாத நேரத்தில் அது தானாகவே ஃபோர்மட் செய்து எல்லாவற்றையும் அழித்துவிடும். மாதிரி நிரல்களில் அப்படித்தான் இருக்கிறது, எல்லோரும் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். இன்னொன்று, கருவி காட்டும் வெப் பக்கங்களை மாற்றிப் புதிய கோப்பு முறைமைப் படிமத்தை (அப்படியே ஏற்றும் முழுப் பிரதி) ஏற்றினால் அந்தப் பார்ட்டிஷன் (ஃப்ளாஷில் பிரித்த பகுதி) முழுவதும் மேலெழுதப்படும், உங்கள் ஜேசனும் அதோடு போகும். பெயரும் பெறுமதியுமாக ஃப்ளாஷில் சேமிக்கும் என்விஎஸ்ஸில் வைத்தால் தப்பும் என்று நினைக்க வேண்டாம். சிப் செய்பவர்களின் நிரல் தொகுப்பான ஈஎஸ்பி-ஐடிஎஃப்பின் மாதிரிகளில், என்விஎஸ் தொடங்கும்போது இடமில்லை அல்லது பதிப்பு வேறு என்று பிழை வந்தால் முழுவதையும் அழித்துத் திரும்பத் தொடங்கும் நாலு வரி இருக்கும். வைஃபை கடவுச்சொல்லுக்கு அது சரியான மருந்து. அளவுத்திருத்தத்துக்கு அது நஞ்சு.

மின்சாரம் போய் ஃப்ளாஷ் கெடுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். என் கணிப்பில் முதல் எதிரி அது இல்லை. லிட்டில்எஃப்எஸ்ஸும் என்விஎஸ்ஸும் இடையில் மின் போனாலும் தாங்கும்படி எழுதப்பட்டவை. தரவை அழிப்பது பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு எழுதிய ‘அழித்துத் திரும்பத் தொடங்கு’ வரிதான். அந்த வரியின் கை எட்டாத இடத்தில் எண்களை வைப்பதே முதல் வேலை.

தனிப் பார்ட்டிஷன்

4 மெகாபைட் ஃப்ளாஷை நான் இப்படிப் பிரிக்கிறேன். முதல் 64 கிலோபைட்டில் பூட்லோடர் (தொடக்க நிரல்), பார்ட்டிஷன் அட்டவணை, சாதாரண என்விஎஸ், ஓடிஏ (தூரத்திலிருந்து ஏற்றும் புதுப்பிப்பு) தரவு. பிறகு மென்பொருளுக்கு 1536 கிலோபைட்டில் இரண்டு இடம், ஒன்று ஓடும்போது மற்றதில் புதுப்பிப்பு ஏறும். அடுத்த 896 கிலோபைட்டில் பெரும்பகுதி லிட்டில்எஃப்எஸ், அங்கே வாசிப்புகளின் பதிவு; மிச்சத்தில் குளத்தடி எண்களுக்கு ஒரு சின்னப் பகுதி. கடைசி 64 கிலோபைட் தொழிற்சாலைத் தரவுக்கு மட்டும்.

அந்தக் கடைசிப் பகுதியையும் என்விஎஸ் வகையாகவே குறிக்கிறேன், ஆனால் வேறு பெயரில். சாதாரண என்விஎஸ்ஸை அழிக்கும் கட்டளை ‘என்விஎஸ்’ என்ற பெயருள்ள பார்ட்டிஷனை மட்டும்தான் தொடும். வேறு பெயர் வைத்தாலே அந்த நாலு வரியிலிருந்து தப்பிவிடும். என்விஎஸ் எழுதப்பட வேண்டுமானால் குறைந்தது மூன்று பக்கம், 12 கிலோபைட் வேண்டும். 64 என்பது தாராளம். முன்னுக்கு யோசித்துத்தான் இடம் விடுகிறேன். வழமையான ஓடிஏ புதுப்பிப்பு மென்பொருளை மாற்றுமே தவிர பார்ட்டிஷன் அட்டவணையை மாற்றாது. குளக்கட்டில் ஏறிய கருவிக்குப் பிறகு பாதுகாப்பாக இடம் கூட்ட முடியாது. ஆகவே இந்தப் பிரிப்பை முதலாவது பலகையிலேயே செய்து விடுங்கள், உள்ளே எழுத இப்போதைக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும்.

புதிய ஐடிஎஃப் பதிப்புகளில் பார்ட்டிஷன் அட்டவணையின் கடைசிப் பத்தியில் ‘ரீட்ஒன்லி’ என்று போடலாம். கட்டாயம் போடுங்கள். நிரலில் வாசிக்க மட்டும் என்று பார்ட்டிஷனைத் திறந்தாலும், என்விஎஸ் தொடங்கும்போது குறையில் விட்ட பக்கங்களைத் திருத்த எழுதப் பார்க்கும். இந்தக் கொடி அதையும் தடுக்கும்.

படிமத்தைச் செய்ய என்விஎஸ் பார்ட்டிஷன் ஜெனரேட்டர் என்ற பைத்தன் நிரல் ஐடிஎஃப்போடு வருகிறது. சாவி (பெறுமதிக்கு இடும் பெயர்), வகை, குறியீட்டு முறை, பெறுமதி என்று நாலு பத்தி உள்ள சிஎஸ்வி கோப்பைக் கொடுத்தால் நேரே ஃப்ளாஷில் ஏற்றக்கூடிய படிமம் தரும். பல கருவிகளுக்கு ஒரேயடியாகச் செய்ய மனுஃபக்சரிங் யூட்டிலிட்டி இருக்கிறது. அதில் ஒரு வரிக்கு ஒரு கருவி. அளவு எழுதும் விரிதாளிலிருந்தே அந்தக் கோப்பை எடுக்கலாம், கையால் திரும்பத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. இலக்கம் மாறிப்போவது கைத்தட்டச்சில்தான்.

இரண்டு கட்டுப்பாட்டை மனதில் வைத்திருங்கள். சாவியின் பெயர் 15 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. என்விஎஸ்ஸில் தசம எண்ணுக்கு நேரடி வகை இல்லை, அதனால் எல்லாவற்றையும் முழு எண்ணாக வைக்கிறேன். சரிவு 2604 என்றால் அது மைக்ரோமீற்றர் கணக்கு. தசமத்தை வெட்டுவதால் முழு 5 மீற்றரிலும் வரும் வித்தியாசம் இரண்டு மில்லிமீற்றரும் இல்லை. பைட் ஒழுங்கு (எண்ணின் பைட்டுகளை எந்தப் பக்கத்திலிருந்து அடுக்குவது) என்ற கரைச்சலும் கிடையாது, சேர்வரில் பைத்தனிலும் அதே எண்தான்.

ஏற்றும்போது ஈஎஸ்பிடூல் என்ற ஏற்றும் நிரலில் எழுதும் கட்டளையை மட்டும் பாவியுங்கள். ஃப்ளாஷ் முழுவதையும் அழிக்கும் கட்டளை எந்தப் பார்ட்டிஷனையும் பார்க்காது, ரீட்ஒன்லிக் கொடியையும் மதிக்காது. என் வேலைக்கூடத்தில் புதுப்பலகை தவிர வேறெதற்கும் அந்தக் கட்டளை கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது.

இந்த எண்கள் இந்தக் கருவியுடையவைதானா?

என்விஎஸ் ஒவ்வொரு பதிவுக்கும் சிஆர்சி32 என்ற சரிபார்ப்பு எண்ணை வைத்திருக்கிறது. ஒரு பிட் மாறினால் அது கண்டுபிடிக்கும். ஆனால் பக்கத்துப் பலகையின் படிமத்தைத் தவறி இதில் ஏற்றினால் சிஆர்சி சரியாகத்தான் இருக்கும். எண்கள் மட்டும் பிழை.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி எளிது. படிமம் செய்யும்போது அந்தச் சிப்பின் மாக் முகவரியையும் ஒரு சாவியாக உள்ளே எழுதுகிறேன். கருவி எழும்பும் ஒவ்வொரு தடவையும் இ-ஃபியூஸில் உள்ள மாக்கை வாசித்து, படிமத்தில் உள்ளதோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் அந்த எண்கள் வேறு கருவியுடையவை, தொடக்கூடாது. இதோடு அமைப்புப் பதிப்பு என்று ஒரு எண்ணும் வைக்கிறேன். பிறகு ஒருநாள் வெப்பத் திருத்தத்துக்கு மூன்றாவது எண் சேர்த்தால், பழைய கருவியில் அது இல்லை என்று புதிய மென்பொருள் தெரிந்துகொள்ளும்.

எண்கள் இல்லை அல்லது பிழை என்றால் கருவி என்ன செய்ய வேண்டும்? இந்த வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமான இடம் இதுதான். வழமையான நிரல்கள் ‘கிடைக்காவிட்டால் 2604’ என்று ஒரு பொதுப் பெறுமதியை எடுத்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல ஓடும். அதை நான் அனுமதிக்க மாட்டேன். இங்கே குளத்து மட்டம் வெறும் எண் இல்லை. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுப்பது அந்த மட்டத்தை வைத்துத்தான். 2018 மார்கழி வெள்ளத்தைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருந்தவர்கள் மறக்கவில்லை; வான்கதவு திறக்கும் இரவில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கீழே சனம் இருக்கிறது. ஒரு திட்டத்தில் வைத்த கருவிகள் தூரத்திலிருந்து புதுப்பிப்பு ஏறிய பிறகு பொதுப் பெறுமதிக்கு மாறி, நம்பக்கூடிய மாதிரியே பிழையான மட்டத்தை அனுப்பிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். திரையில் எல்லாம் பச்சை. அளவுகோலை நேரே பார்த்த கமக்காரர் சொல்லித்தான் வெளியே வந்தது.

ஆகவே என் கருவி அந்த நிலையில் மட்டத்தை அனுப்பாது. மில்லிவோல்ட்டை மட்டும் அனுப்பும், கூடவே ‘அளவுத்திருத்தம் இல்லை’ என்ற குறியையும் அனுப்பும். சேர்வரில் அதே மாக் முகவரிக்கு எண்களின் பிரதி இருக்கிறது. மட்டத்தை அங்கே கணக்கிட்டு, நிறம் மாற்றிக் காட்டுவோம். தரவு தொடர்ந்து வரும், ஆனால் ஒருவரும் ஏமாறமாட்டார்கள்.

குளத்தடியில் எழுதும் எண்கள்

இரண்டாவது வகைக்குச் சாதாரண என்விஎஸ்ஸும் சரியில்லை, தொழிற்சாலைப் பகுதியும் சரியில்லை. அதற்கென மூன்றாவதாக ஒரு சின்ன என்விஎஸ் பார்ட்டிஷன் வைத்திருக்கிறேன். பாவிப்பவர் ‘ஆரம்ப நிலைக்கு’ பொத்தானை அமத்தினால் மூன்றாம் வகை மட்டும் அழியும். பொருத்துபவர் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் ஜம்பரை (இரண்டு முனையை இணைக்கும் சின்னத் துண்டு) போட்டால்தான் இரண்டாம் வகை எழுத விடும். முதல் வகைக்குக் கருவியில் வழியே இல்லை, மேசைக்கு வரவேண்டும்.

எழுதுவதற்கு முன் பற்றரி மின்னழுத்தத்தைப் பாருங்கள். கார்த்திகை மார்கழியில் நாட்கணக்காக வெயில் இல்லாமல் பற்றரி இறங்கிக் கிடக்கும். மொடெம் வலையமைப்பைத் தேடும் நேரத்தில் இழுக்கும் மின்னோட்டத்தில் மின்னழுத்தம் விழுந்து சிப் திரும்ப எழும்பும். அந்த நேரத்தில் ஃப்ளாஷில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். மொடெமை நிறுத்தி, பற்றரி போதும் என்று உறுதி செய்து, எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிட்ட பிறகுதான் சரி என்று திரையில் காட்ட வேண்டும்.

காட்டுவது அடியும் அங்குலமுமாக இருக்கட்டும். குளக்கட்டில் நிற்கும் ஆள் ‘குளம் எத்தின அடி?’ என்றுதான் கேட்பார். உள்ளே மில்லிமீற்றர், வெளியே அடி, ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். இந்த மாற்றத்தைக் காட்டும் இடத்தில் மட்டும் செய்யுங்கள், சேமிக்கும் இடத்தில் ஒருபோதும் வேண்டாம். 36 அடி முழுமட்டம் உள்ள இரணைமடுவுக்கு 5 மீற்றர் சென்சர் போதாது, பெரியது போட வேண்டும். சென்சரின் வீச்சும் தொழிற்சாலைத் தரவில் ஒரு சாவியாக இருந்தால் அதே மென்பொருள் இரண்டுக்கும் ஓடும்.

சென்சரை மட்டும் மாற்ற வேண்டி வந்தால் என்ன என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. தடையும் ஏடிசியும் பலகையுடையவை, சரிவில் ஒரு பங்கு சென்சருடையது. அடிக்கடி சென்சர் மாறும் இடங்களில் இரண்டையும் பிரித்து எழுதி, சென்சரின் பங்கை அதன் இணைப்புப் பெட்டியில் வைத்த சின்ன ஈஈபிரோம் நினைவகச் சிப்பில் வைக்கலாம். டிஎஸ்3231 கடிகாரப் பலகையோடு வரும் ஏடி24சி32 போன்ற ஒன்றே போதும், 4 கிலோபைட்.

லினக்ஸ் ஓடும் பெட்டி என்றால்

பல குளங்களின் தரவைச் சேர்க்கும் இடத்தில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் ஓடும் ரவுட்டர் வைப்போம். அதில் /இடிசி அடைவில் எழுதுவது எல்லாம், மாறாத மூலப் படிமத்துக்கு மேலே இருக்கும் எழுதக்கூடிய மேலடுக்கில்தான் போகும். ரீசெட் பொத்தானை நீண்ட நேரம் அமத்தினால் மேலடுக்கு முழுவதும் போய்விடும். ரவுட்டர் செய்தவர்கள் தங்கள் மாக்கையும் வானொலி அளவுத்திருத்தத்தையும் ‘ஏஆர்டி’ அல்லது ‘ஃபக்டரி’ என்ற தனி எம்டிடி (ஃப்ளாஷ்) பார்ட்டிஷனில், வாசிக்க மட்டும் என்று குறித்து வைத்திருப்பதைப் பாருங்கள். அதை மேலெழுதிவிடாதீர்கள், வைஃபையே கெட்டுவிடும். உங்கள் தரவுக்கும் அதே மாதிரி ஒரு பார்ட்டிஷன் செய்யுங்கள்.

ஈஎம்எம்சி (பலகையிலேயே ஒட்டிய நினைவகம்) உள்ள பலகையில் இரண்டு பூட் பார்ட்டிஷன்கள் வன்பொருளாகவே பிரிந்திருக்கும். பூட்லோடர் ஒன்றைத்தான் பாவிக்கிறது என்று உறுதியானால் மற்றதில் எழுதலாம்; அடுத்த மின்தொடக்கம் வரை எழுத முடியாதபடி பூட்டவும் முடியும். சாதாரணக் கோப்பாக எழுதுவதானால் ஒழுங்கு முக்கியம்: அதே அடைவில் தற்காலிகக் கோப்பை எழுதி, எஃப்சிங்க் செய்து (நினைவகத்தில் உண்மையாகவே எழுத வைத்து), பழைய பெயருக்கு ரீநேம் செய்து, அடைவையும் எஃப்சிங்க் செய்யுங்கள். பழையது அல்லது புதியது, இரண்டில் ஒன்று முழுதாக இருக்கும். பாதி எழுதிய கோப்பு இராது.

அனுப்ப முன்

கடைசி 64 கிலோபைட்டை ஈஎஸ்பிடூலால் வாசித்து ஷா-256 (தரவின் கைரேகை போன்ற எண்) எடுங்கள். பிறகு கருவியை வதையுங்கள்: புதுப்பிப்பு ஏற்றுங்கள், பாதியில் மின்னை வெட்டுங்கள், பழைய பதிப்புக்குத் திருப்புங்கள், ஆரம்ப நிலைக்கு மாற்றுங்கள், லிட்டில்எஃப்எஸ்ஸில் குப்பையை எழுதி மவுண்ட் ஆகாமல் செய்யுங்கள். மின்வெட்டுக்கு ஒரு ரிலேயும் தற்செயல் நேரம் தரும் நிரலும் போதும், இராத்திரி முழுக்க ஓட விடலாம். முடிவில் திரும்ப ஷா-256. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்தப் பதிப்பு வெளியே போகக்கூடாது.

தொடரிலக்கத்தையும் மாக்கையும் பெட்டி மூடியின் உட்புறத்தில் தகட்டில் பொறித்து ஒட்டுங்கள். வெளியே ஒட்டும் காகிதம் வன்னி வெயிலில் வெளுத்துவிடும். சேர்வர்ச் சாவியை மட்டும் எங்கும் பொறிக்க வேண்டாம். அளவுத்திருத்த விரிதாளின் பிரதியை வேலைக்கூடத்துக்கு வெளியேயும் ஓரிடத்தில் வையுங்கள். களத்தில் பலகை எரிந்து புதியது போட வேண்டி வந்தால் பழைய படிமத்தை அப்படியே ஏற்றாதீர்கள். மாக் பொருந்தாது, பொருந்தவும் கூடாது. புதிய பலகையை மேசையில் அளந்து, புதிய வரியாக எழுதி, பழைய வரியில் ‘நீக்கப்பட்டது’ என்று திகதி போட்டு, இரண்டாம் வகை எண்களைக் குளத்தடியில் அளவுகோலைப் பார்த்து மறுபடி எழுதுங்கள்.